ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வேக சென்சார்கள்: வேலை செய்யும் விதமும் சோதிக்கும் வழியும்

ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, டேஷ்போர்டில் விளக்கும் எரிந்தால், "பாக்ஸ் போயிடுச்சு, இறக்கித்தான் பார்க்கணும்" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். இறக்குவது பெரிய செலவு. அதற்கு முன்னால் ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்து அதன் தகவல்களைப் படிக்கும் கருவி) இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்: கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் ஆர்பிஎம், வெளியே வரும் தண்டின் ஆர்பிஎம். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரே பெரும்பாலும் இந்த இரண்டை நம்பித்தான் ஓடுகிறது. சில பாக்ஸ்களில் பிரஷர் ஸ்விட்சுகளும் உண்டு. ஆனால் அவை பாக்ஸுக்குள் கியரைப் பிடிக்கும் கிளட்ச் வரைக்கும் ஆயில் அழுத்தம் வந்ததைச் சொல்லுமே தவிர, கிளட்ச் உண்மையில் பிடித்ததா என்று சொல்லாது. அதைச் சொல்வது வேக சென்சார்கள்தான்.

இங்கே பேசப்போவது டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வைத்த ஆட்டோமேட்டிக்கைப் பற்றி. சிவிடி வண்டியிலும் (கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும் வைத்தது) அந்தப் புல்லிகளின் வேகத்தை இதே மாதிரிதான் அளக்கிறார்கள், அதனால் சோதனை முறையில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பாக்ஸில் கிளட்சையும் கியர் லீவரையும் மோட்டார் இயக்குவது. அதன் நோய்கள் வேறு.

எந்தெந்த வேகம், எங்கே அளக்கப்படுகிறது

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை மூன்று வேகங்களை கம்ப்யூட்டர் கவனிக்கிறது. முதலாவது எஞ்சின் ஆர்பிஎம். இது கிராங்க் சென்சாரிலிருந்து வருகிறது, கியர்பாக்ஸில் இதற்குத் தனி சென்சார் தேவையில்லை. இரண்டாவது, டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் தள்ளிச் சுழலும் டர்பைனின் வேகம். டர்பைன் இன்புட் தண்டோடு பிணைந்திருப்பதால் இன்புட் வேகம் என்றாலும் டர்பைன் வேகம் என்றாலும் ஒன்றுதான். மூன்றாவது அவுட்புட் வேகம். இதுதான் சக்கரத்துக்குப் போவது. பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் முள்ளை ஆட்டுவதும் இதுவே.

பழைய ஹைட்ராலிக் பாக்ஸ்களில் அவுட்புட் தண்டோடு சுழலும் கவர்னர் இருந்தது. வேகம் கூடக்கூட அதன் எடைகள் வெளியே விரிந்து ஆயில் அழுத்தத்தைக் கூட்டும், அந்த அழுத்தம் வால்வைத் தள்ளிக் கியரை மாற்றும். ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 பாக்ஸ் அப்படித்தான் வேலை செய்தது. 1993-இல் வந்த 4எல்60-இ ஏறக்குறைய அதே பாக்ஸ், ஆனால் கவர்னர் போய் அந்த இடத்துக்கு வேக சென்சார் வந்துவிட்டது. கிரைஸ்லர் அதற்கு முன்பே, 1989-இல், ஏ604 என்ற நான்கு கியர் பாக்ஸைக் கொண்டுவந்தது. பின்னாளில் அதற்கு 41டிஇ என்று பெயர். அதில் பேண்டுகளே (டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள்) கிடையாது, எல்லாம் கிளட்ச். ஒவ்வொரு கியர் மாற்றத்தையும் இன்புட், அவுட்புட் என்ற இரண்டு சென்சார்களைப் பார்த்து கம்ப்யூட்டர் நடத்தும், முந்தைய மாற்றம் எப்படி நடந்தது என்பதை வைத்து அடுத்ததைத் திருத்திக்கொள்ளும். இரண்டு சென்சார்களும் பாக்ஸின் வெளிப்புறத்திலிருந்தே திருகிப் பொருத்தப்பட்டிருப்பதால், பாடம் படிக்க இதைவிட நல்ல பாக்ஸ் இல்லை. கீழே வரும் கணக்குகளுக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

சென்சாருக்குள் என்ன நடக்கிறது

மூன்று வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் மல்டிமீட்டரை எடுக்க வேண்டாம்.

காந்தச் சுருள் வகைதான் மூத்தது. நிலைக்காந்தம் ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், எதிரே பற்கள் வெட்டிய சக்கரம். பல் நெருங்கும்போது காந்தப்புலம் வலுக்கிறது, விலகும்போது தளர்கிறது, அந்த மாற்றம் சுருளில் ஏசி மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டாம், இரண்டு ஒயர் போதும். சைக்கிள் டைனமோ மாதிரிதான்: வேகமாக மிதித்தால் பல்ப் பிரகாசம், நின்றால் இருட்டு. 4எல்60-இ பாக்ஸின் அவுட்புட் சென்சாருக்கு எதிரே 40 பற்கள். 100 ஆர்பிஎம்மில் அரை வோல்ட்தான் வரும், 8,000 ஆர்பிஎம்மில் 100 வோல்ட்டையும் தாண்டும். சென்சார் முனைக்கும் பல்லுக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளி 0.27 முதல் 1.57 மி.மீ. வரை.

ஆனால் கம்ப்யூட்டர் வோல்ட்டைப் பார்த்து வேகத்தைச் சொல்வதில்லை, அலைகளை எண்ணுகிறது. 40 பல் சக்கரம் 1,500 ஆர்பிஎம்மில் சுழன்றால் வினாடிக்கு 25 சுற்று, 25-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,000 ஹெர்ட்ஸ். வோல்ட் குறைந்தாலும் எண்ணிக்கை மாறாது. ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அலை இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகும். அதனால்தான் இந்த வகை சென்சார் சாகத் தொடங்கும்போது முதலில் மெதுவான வேகத்தில் தகராறு செய்யும். சிக்னலில் நிற்கப் போகும்போது ஒரு உதறல், நெடுஞ்சாலையில் எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ஹால் வகையில் உள்ளே சிறிய மின்னணுச் சுற்று இருக்கிறது. சப்ளை, எர்த், சிக்னல் என்று பெரும்பாலும் மூன்று ஒயர். பல் வரும்போதும் இடைவெளி வரும்போதும் சிக்னல் மேலும் கீழும் தாவும், அதாவது சதுர அலை. வேகம் எவ்வளவு குறைந்தாலும் அலையின் உயரம் மாறாது. மெதுவாக உருளும் வண்டியைத் துல்லியமாக அளக்க முடிவது இதன் பெரிய லாபம்.

மூன்றாவது, இரண்டே ஒயரில் வேலை செய்யும் கரண்ட் வகை. சப்ளை வழியாகவே சிக்னலும் போகும். பல் வந்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர், இல்லையென்றால் சுமார் 7. பார்வைக்குக் காந்தச் சுருள் வகை போலவே இரண்டு பின்தான் இருக்கும், பலர் ஏமாறுவது இங்கேதான். இதன் குறுக்கே ஓம்மீட்டர் வைத்து "ஓப்பன் காட்டுது, சென்சார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். புதிய வகைகளில் சில, சுழற்சி முன்பக்கமா பின்பக்கமா என்பதைக்கூடத் துடிப்பின் அகலத்தை மாற்றிச் சொல்லும். மேட்டில் வண்டி பின்னால் உருள்வதைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது.

இரண்டு எண்களை வைத்து கம்ப்யூட்டர் போடும் கணக்கு

இன்புட் வேகத்தை அவுட்புட் வேகத்தால் வகுத்தால் கியர் விகிதம். 41டிஇ பாக்ஸில் முதல் கியர் 2.84, இரண்டாவது 1.57, மூன்றாவது 1.00, நான்காவது 0.69. அவுட்புட் 1,000 ஆர்பிஎம்மில் இருக்கும்போது முதல் கியர் என்றால் இன்புட் 2,840 இருக்க வேண்டும், இரண்டாவது என்றால் 1,570. பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை மாறாது என்பதால் இந்த விகிதத்தில் ஏமாற்று வேலை கிடையாது. கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் விகிதம் அப்படியே வரும், வழுக்கினால் வராது.

முதலிலிருந்து இரண்டுக்கு மாறும் அந்த அரை வினாடியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வண்டியின் வேகம் அந்த இடைவெளியில் பெரிதாக மாறாது, அவுட்புட் 1,000-ஐ ஒட்டியே நிற்கும். இன்புட் மட்டும் 2,840-இலிருந்து 1,570-க்கு இறங்க வேண்டும். அந்த இறக்கத்தை கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டே இருக்கிறது. இறங்காமல் 3,000, 3,200 என்று ஏறினால் பழைய கிளட்ச் விட்டுவிட்டது, புதியது இன்னும் பிடிக்கவில்லை. டிரைவருக்கு எஞ்சின் ஒரு நொடி சும்மா அலறுவதாகத் தெரியும். சட்டென்று விழுந்தால் அழுத்தம் அதிகம், வண்டி குலுங்கும். இரண்டு கிளட்சும் ஒரே நேரத்தில் பிடித்தால் அவுட்புட்டே ஒரு கணம் இழுபடும், பிரேக் தட்டியது போல. எது நடந்ததோ அதற்கேற்ப அடுத்த முறை ஆயில் அழுத்தத்தையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் மாற்றும். அடாப்டேஷன் என்பது இதுதான். சென்சார் பொய் சொன்னால் இந்தப் பாடமும் பொய்யாகிவிடும்.

இன்னொரு கணக்கு எஞ்சினுக்கும் டர்பைனுக்கும் இடையே. எஞ்சின் 2,000, டர்பைன் 1,900 என்றால் கன்வெர்ட்டரில் வழுக்கல் 100. எஞ்சினையும் டர்பைனையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் முழுதாகப் பிடித்தால் அது பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். சில வண்டிகளில் அதிர்வு தெரியாமல் இருக்க 20 முதல் 50 ஆர்பிஎம் வரை வேண்டுமென்றே வழுக்க விடுவார்கள், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

சென்சார் பழுதா, கிளட்ச் பழுதா

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஸ்கேனரில் வரும் கோடுகள், அதாவது பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்கள், இரண்டு குடும்பம். பி0715 முதல் பி0718 வரை இன்புட் சென்சார், பி0720 முதல் பி0723 வரை அவுட்புட் சென்சார். ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60-இ போன்றவற்றில் அவுட்புட் சென்சாருக்கு பி0502, பி0503 வரும். இவை சிக்னலைப் பற்றிய புகார்கள். பி0730, அதோடு பி0731 முதல் பி0735 வரை உள்ளவை விகிதம் தப்பாக இருக்கிறது என்ற புகார்கள். பி0700 தனியாக வந்தால் அதற்கு அர்த்தம் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோடு இருக்கிறது, போய்ப் பார்" என்பது மட்டுமே. அதைப் பார்த்து எந்தப் பாகமும் வாங்காதீர்கள்.

சிக்கல் என்னவென்றால் விகிதக் கோடும் சென்சாரால் வரலாம். ஒரு சென்சார் துடிப்புகளைத் தவறவிட்டால் வகுத்தல் தப்பாகும், கம்ப்யூட்டர் கிளட்ச் வழுக்குவதாக எண்ணும். இரண்டையும் பிரித்துச் சொல்வது, ஓடும்போதே எண்களை ஸ்கேனரில் காட்டும் லைவ் டேட்டா வரைபடம்தான். கிளட்ச் உண்மையில் வழுக்கும்போது டர்பைன் ஆர்பிஎம் எஞ்சின் ஆர்பிஎம்மோடு சேர்ந்து வளைந்து ஏறும், காதிலும் கேட்கும். சென்சார் அல்லது ஒயர் பழுதானால் 1,900-இல் ஓடிக்கொண்டிருந்த எண் ஒரே பாய்ச்சலில் பூஜ்யம், மறு பாய்ச்சலில் திரும்ப 1,900. எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இருக்காது. சுழன்றுகொண்டிருக்கும் இரும்பு டிரம்மும் தண்டும் பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்று, அடுத்த கணமே பழைய வேகத்தைப் பிடிக்க வழியே இல்லை. ஓடும் எந்திரத்தால் செய்ய முடியாததை வரைபடம் காட்டினால் பழுது மின் பக்கம்தான்.

அவுட்புட் சிக்னல் ஓட்டத்தின் நடுவே திடீரென்று அறுந்தால் கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? வண்டி நின்றுவிட்டது, முதல் கியர் போடலாம் என்றுதான். 80 கி.மீ. வேகத்தில் அது நடந்தால் ஆபத்து. அதனால் இயற்கைக்கு மாறான வீழ்ச்சியைக் கண்டதும் சிக்னலை நம்பாமல் பாதுகாப்பு நிலைக்குப் போகும்படி எழுதியிருக்கிறார்கள். லிம்ப் மோடு என்பது அதுதான். 41டிஇ-யில் ரிலே ஒன்று விழுந்து எல்லா சாலனாய்டுகளுக்கும் (ஆயில் வால்வுகளை இயக்கும் மின்காந்தங்கள்) கரண்ட் நின்றுவிடும். கரண்ட் இல்லாத நிலையில் வால்வுகள் அமைந்திருக்கும் விதத்தால் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், இரண்டாம் கியர் மட்டும் மிஞ்சும். "செகண்டிலேயே ஓடுது" என்பது பாக்ஸ் உடைந்ததன் அடையாளம் இல்லை, தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளம்.

சோதனை: படிப்படியாக

1. ஆயில் அளவு. சலிப்பாக இருக்கும், ஆனாலும் முதலில் இதுதான். ஆயில் குறைந்தாலும் கிளட்ச் வழுக்கும், விகிதக் கோடு வரும்.

2. எல்லாக் கோடுகளையும் ஃப்ரீஸ் ஃப்ரேமோடு (கோடு வந்த கணத்தில் கம்ப்யூட்டர் பதிந்த எண்கள்) எழுதிவைத்த பிறகே அழியுங்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்பதே பாதி விடை. சூடேறிய பிறகு மட்டும் வந்தால் சுருளில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கலாம்.

3. நின்ற இடத்துச் சோதனை. வேறு கருவியே இல்லாத ஆளுக்கும் ஸ்கேனர் இருந்தால் போதும். ஹேண்ட்பிரேக் போட்டு, பார்க்கில் எஞ்சினை ஓட விடுங்கள். இன்புட் சென்சார் டர்பைனை நேராக அளக்கும் பாக்ஸ்களில் டர்பைன் ஆர்பிஎம் எஞ்சினுக்குச் சற்றே கீழே வர வேண்டும், அவுட்புட் பூஜ்யம். பிரேக்கை அழுத்தியபடி டி போடுங்கள். எஞ்சின் 700-இல் ஓடிக்கொண்டிருக்க, டர்பைன் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். சக்கரம் நிற்கிறது, கியர் பிடித்திருக்கிறது, அப்படியானால் டர்பைனும் நின்றாக வேண்டும். விழுந்தால் சென்சாரும் சரி, கிளட்சும் சரி. பார்க்கிலேயே பூஜ்யம் காட்டினால் சென்சார் பக்கம் போங்கள். டி போட்டும் 700-ஐ ஒட்டியே நின்றால், ஆயில் அழுத்தம் அல்லது கிளட்ச் பக்கம். நின்றிருக்கும்போது தானே நியூட்ரல் நிலைக்குப் போகும் வசதி உள்ள வண்டிகளில் டர்பைன் விழுந்து மறுபடி ஏறும், அது பழுது இல்லை.

4. ஓட்டச் சோதனை. ஸ்கேனரைப் பார்க்க இன்னொருவர் வேண்டும், அல்லது பதிவு செய்து பிறகு பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் சீரான ஆக்சிலரேட்டரில் ஓட்டி, இன்புட்டை அவுட்புட்டால் வகுத்து மேனுவலில் உள்ள விகிதத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாக் கியரிலும் ஒரே சதவீதம் பிசகினால் சென்சார், பல் சக்கரம் அல்லது தவறான மாற்றுச் சென்சார். ஒரு கியரில் மட்டும் பிசகினால் அந்தக் கியரின் கிளட்ச். ஃபோர் வீல் டிரைவில் ஒரு எச்சரிக்கை: 4எல்60-இ பொருத்திய அத்தகைய வண்டிகளில் அவுட்புட் சென்சார் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இருக்கும். லோ ரேஞ்சில் கணக்கு மாறிவிடும்.

5. கனெக்டர். சென்சார் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கழற்றிப் பாருங்கள். பின் பின்னால் போயிருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, உள்ளே ஆயில் இருக்கிறதா? மெர்சிடீஸின் 722.6 பாக்ஸில், 1996-இல் வந்தது, 13 பின் பிளக்கின் ஓ-ரிங் கசிந்து, ஆயில் ஒயரின் உள்ளிழைகள் வழியாகவே ஏறி கம்ப்யூட்டர் வரை போவது பிரசித்தமான நோய். ஒயர் எக்ஸாஸ்ட் பைப்பை உரசும் இடத்தையும் விடாதீர்கள். 41டிஇ-யில் இரண்டு சென்சார்களுக்கும் எர்த் பொது. பழைய கிரைஸ்லர் கோடுகளில் இன்புட்டுக்கு 56, அவுட்புட்டுக்கு 57, பொது எர்த்துக்கு 58 என்று தனியாகவே வைத்திருந்தார்கள். இரண்டு சென்சாரும் ஒரே நாளில் செத்ததாகத் தோன்றினால், இரண்டையும் மாற்றுவதற்கு முன் அந்த எர்த்தைப் பாருங்கள்.

6. ஓம் சோதனை காந்தச் சுருள் வகைக்கு மட்டும். சாவி ஆஃப், கனெக்டர் கழன்றிருக்க வேண்டும். 41டிஇ சென்சாருக்கு 300 முதல் 1,200 ஓம் வரை சரி. டொயோட்டா பாக்ஸ்கள் பலவற்றில் டர்பைன் சென்சாருக்கு 20 டிகிரியில் 560 முதல் 680 ஓம். அந்த "20 டிகிரியில்" என்பதைக் கவனியுங்கள். செம்பு சூடானால் தடை கூடும்: குளிரில் 600 காட்டும் சுருள் 90 டிகிரியில் 760-ஐ ஒட்டிக் காட்டும். சூட்டில் அளந்து, எல்லை மீறியதாக நல்ல சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது என்பதையும் பாருங்கள்.

7. ஓடும் சிக்னல். டிரைவ் சக்கரங்களை ஸ்டாண்டில் பத்திரமாகத் தூக்கி வைத்து, சுருள் வகையானால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வேகத்தோடு வோல்ட் சீராக ஏற வேண்டும். ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு அலை மட்டும் குட்டையாக வந்தால் பல் உடைந்திருக்கிறது. அலைகள் எல்லாம் மெதுவாக உயர்ந்து தாழ்ந்தால் சக்கரம் கோணலாகச் சுழல்கிறது, பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஹால் வகைக்கு முதலில் சப்ளையும் எர்த்தும், பிறகு சிக்னல். கனெக்டரைக் கழற்றி சாவியைப் போட்டால் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டர் பக்கத்துச் சிக்னல் ஒயரில் வோல்ட் இருக்கும். அதுவே இல்லையென்றால் சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு சென்சார், ஒன்று பூஜ்யம்: 722.6-இன் தந்திரம்

மேலே சொன்ன நின்ற இடத்துச் சோதனையை எல்லா பாக்ஸிலும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது என்பதற்கு இந்த பாக்ஸ் உதாரணம். இதில் என்2, என்3 என்று இரண்டு ஹால் சென்சார்கள். இரண்டும் உள்ளே, முன் கியர் செட்டைப் பார்த்தபடி இருக்கும். என்3 அதன் நடுப் பற்சக்கரத்தையும் என்2 அதைச் சுற்றும் கேரியரையும் அளக்கின்றன. 2, 3, 4-ஆம் கியர்களில் முன் செட் முழுவதும் ஒன்றாகப் பூட்டிச் சுழல்வதால் இரண்டும் ஒரே எண். 1, 5-ஆம் கியர்களில் நடுப் பற்சக்கரம் பிரேக்கில் நிறுத்தப்படுவதால் என்3 பூஜ்யம் காட்டும், காட்டவும் வேண்டும். அப்போது என்2-வை வைத்து டர்பைன் வேகத்தைக் கணக்கிடுவார்கள். விவரம் தெரியாதவர் ஐந்தாம் கியரில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுச் சென்சாரைக் கைகாட்டிவிடுவார். அவுட்புட் வேகத்துக்குத் தனி சென்சார் இல்லை, ஏபிஎஸ் சக்கர சென்சார்களிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ஏபிஎஸ் பழுது கியர் பழுதாகத் தோன்ற இதுவும் ஒரு வழி. என்2, என்3 தனியாகத் திருகி எடுக்கும்படி இல்லை. ஆயில் தட்டைக் கழற்றி, அவை பதிந்திருக்கும் மின் தகட்டையே மாற்ற வேண்டும்.

கழற்றி மாட்டும்போது

வெளியே இருக்கும் சென்சாரைக் கழற்றுவது ஒரு போல்ட் வேலை. முனையைத் துணியால் துடைப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். காந்தம் என்பதால் சாம்பல் நிறப் பசை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருப்பது சாதாரணம், கிளட்ச் தட்டுகள் தேய்ந்த தூள் அது. விரலில் குத்தும் செதில்கள் இருந்தால் உள்ளே இரும்பு உடைகிறது. அப்போது சென்சாரை மாற்றுவதோடு நிறுத்தினால் சில நாளில் வண்டி திரும்பி வரும். முனையில் உரசிய தழும்பு இருந்தால் பல் சக்கரம் ஆடுகிறது.

புதிய ஓ-ரிங்கில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தடவி, கையால் அழுத்தி உட்கார வைத்த பிறகு போல்ட்டைப் போடுங்கள். போல்ட்டை முறுக்கிச் சென்சாரை உள்ளே இழுக்காதீர்கள், சென்சாரில் போல்ட் நுழையும் காது உடைந்துவிடும். 4எல்60-இ சென்சார் போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான், சின்ன ஸ்பானரில் விரல் பலம் போதும். சுருள் வகையின் இரண்டு ஒயர்களையும் முறுக்கிப் போட்டிருப்பது இக்னிஷன், ஆல்டர்னேட்டர் இரைச்சல் ஏறாமல் இருக்கத்தான். ஒட்டுப்போட நேர்ந்தால் அந்த முறுக்கைப் பிரித்து விடாதீர்கள்.

அப்புறம் கோடுகளை அழித்து, பழைய அடாப்டேஷனையும் அழிக்க வேண்டும். பொய்ச் சிக்னலை வைத்துப் படித்த பாடம் அதில் இருக்கிறது. கிரைஸ்லர் பாக்ஸ்களுக்கு ஸ்கேனரில் குயிக் லேர்ன் என்ற தனிக் கட்டளை உண்டு. மற்றவற்றில் ஆயில் நன்றாகச் சூடான பிறகு, மிதமான ஆக்சிலரேட்டரில், நின்று கிளம்பி எல்லாக் கியரும் ஏறும்படி பல முறை ஓட்ட வேண்டும். முதல் சில கிலோமீட்டர் சற்று முரட்டுத்தனமாக இருக்கலாம். 41டிஇ-யில் கம்ப்யூட்டரையும் மாற்றியிருந்தால் பினியன் ஃபேக்டர் என்ற எண்ணை, டயர் அளவுக்கும் கடைசி கியர் விகிதத்துக்கும் ஏற்ப, எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் புதிய அவுட்புட் சென்சார் ஒழுங்காகத் துடித்தும் ஸ்பீடோமீட்டர் முள் அசையாது, க்ரூஸ் கன்ட்ரோலும் வேலை செய்யாது, நீங்கள் மறுபடி சென்சாரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.